சாவி ஸுலைஹாவிடம்

ஜெனிற்றாட அப்பாவுக்கு,

உயிர்த்த ஞாயிறு குண்டு வெடிச்ச பிறகு இண்டைக்குத்தான் எங்கட கோயில் திறக்கிறாங்க. பின்னேரப் பூசைக்குப் போறன். பேக் கொண்டு வரக்கூடாதாம். செபமாலைய மட்டும் கையில பிடிச்சிட்டுப் போறன். பயந்தான். பயத்தோடயே போறன்.

வீட்டுச் சாவி வழமைபோல பக்கத்து வீட்டு ஸுலைஹாட்டத்தான் இருக்கு. "இனி அந்த வீட்ட சாவி குடுக்காத" எண்டு கத்தினீங்க. குண்டு வெச்சவனும் அவவும் ஒண்டா? நீங்களே கதவத் தட்டி வாங்குங்க.

மீன் ஆணம் அடுப்படியில மூடியிருக்கு.

றெஜினா

மறந்திட்டன்: அவ நோன்புக் கஞ்சி தருவா. முகத்தத் திருப்பாம ரெண்டு கையாலயும் வாங்குங்க. அவட வாசல்ல நீங்க நிண்டாத்தான், கோயில்ல முழங்கால்ல நிக்கிற எனக்குச் செபம் வரும்.