செவ்வாய் ஏழரை மணிக் கட்டம்

அபிராமபுரம்,
14-7-97, திங்கள்.

கிரீஷ் அப்பாவுக்கு, ஜானு செய்யும் நமஸ்காரம்.

நான் சௌக்கியம். நாக்பூரில் மழை பிடித்துக்கொண்டிருக்கும், வெந்நீரில் குளியுங்கள். பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு முதுகு பிடித்துக்கொண்டது என்று எனக்கு எழுதினால் நான் இங்கிருந்து தைலம் தேய்க்க முடியாது. கிரீஷ் திருச்சி ஹாஸ்டலிலிருந்து எழுதியிருந்தான். மெஸ் சாப்பாட்டைத் திட்டி ஒரு பக்கம், என்னை விசாரித்து ஒரு வரி. அசல் உங்கள் பிள்ளைதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஃபோனில் சொல்லலாம் என்றால் அது கீழே உங்கள் தம்பி அம்பி ஆத்தில் இருக்கிறது. தெருமுனை பூத்தில் கதவு சாத்தாது, வெளியில் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

போன வருஷம், உங்களுக்கு மாற்றல் வருவதற்கு முன்னால், ஷரஃபுதீன் என்று ஒருவர் வந்து டி.வி. டைரி கொடுத்தாரே, ஞாபகம் இருக்கும். கால் மணிக்கு ஒரு கட்டம். ஆத்தில் யார் எந்த நிகழ்ச்சியைப் பார்த்தாலும் அதில் டிக் போட வேண்டும். திங்கட்கிழமை அவர் வந்து பழையதை எடுத்துக்கொண்டு புதியதைக் கொடுப்பார். அதை வைத்துத்தான் எந்த நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் என்று கணக்குப் போட்டு, விளம்பரக்காரர்களிடம் கொடுக்கிறார்களாம். நம் ஆத்தில் டைரி இருப்பது வெளியில் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்பது முதல் நிபந்தனை. அம்பிக்குக்கூட நான் சொல்லவில்லை.

அங்கேதான் வினை. சனிக்கிழமை அம்பி தி.நகர் ஆபீஸிலிருந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்துவிட்டான். அவன் எழுதுகிற செவ்வாய்க்கிழமை சீரியலுக்கு மயிலாப்பூர், அடையாறு பக்கம் ஆளே இல்லை என்று புள்ளி விவரம் வந்திருக்கிறதாம். பதின்மூன்று வாரம் முடிவதற்குள் நம்பர் ஏறாவிட்டால் சோப்புக் கம்பெனி கையைக் கழுவிவிடும் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். ஏழு வாரம் போய்விட்டது. இன்ஷூரன்ஸ் வேலையை விட்டுவிட்டு இதையே நம்பி உட்கார்ந்திருக்கிறான். ஆத்துக்காரி ஸ்ரீரஞ்சனிக்கு ஆறாம் மாசம். அவள் எதிரில் சிரித்துச் சமாளித்தான்.

மாடிக்கு வந்து டைரியைப் பிரித்தேன். செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக் கட்டம் காலி. யோசித்துப் பார்த்தால் ஏழு வாரமும் காலிதான். ஏன் தெரியுமா? ஏழேகாலுக்கே நான் கதவைப் பூட்டிக்கொண்டு, ஒரு சம்படம் சுண்டலோடு கீழே போய்விடுவேன். எதிராத்து மாமி, பக்கத்து பிளாட் குழந்தைகள், எல்லோரும் அம்பி ஆத்துக் கூடத்தில்தான். நம் பையன் எழுதியதை அவன் ஆத்திலேயே உட்கார்ந்து பார்த்து, அவன் முதுகில் தட்ட வேண்டாமா? ஆனால் டைரியில் நம் பெட்டியில் பார்த்ததை மட்டும்தான் எழுதலாம். நானும் ஒழுங்குப் பிள்ளையாகக் காலி விட்டுக் காலி விட்டுக் கொடுத்திருக்கிறேன். அவன்மேல் இருந்த பிரியத்தில் நானே அவன் கழுத்தை நெரித்திருக்கிறேன்.

இன்று ஷரஃபுதீன் வந்தபோது சுற்றி வளைத்து விசாரித்தேன். உங்கள் ஒரு வீடு பல ஆயிரம் வீட்டுக்குச் சமம், அம்மா நீங்கள் எப்போதும் பார்க்கிற மாதிரி பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள், அது போதும் என்றார். நல்ல மனுஷர். இன்னொன்றும் உறுத்துகிறது. சேரும்போது பூர்த்தி செய்த பாரத்தில், குடும்பத்தில் யாராவது டி.வி., பத்திரிகை, விளம்பரத்தில் இருக்கிறார்களா என்று கேட்டிருந்தது. இல்லை என்று எழுதினோம். அப்போது அம்பி இன்ஷூரன்ஸில் இருந்தான், அது உண்மை. இப்போது சொன்னால் நம் வீட்டை நீக்கிவிடுவார்கள், ஷரஃபுதீனுக்கும் திட்டு விழும். அம்பியிடம் சொன்னாலோ, அவனால் தயாரிப்பாளரிடம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. மறுநாள் அவர் பழத்தட்டோடு வந்து நிற்பார்.

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. கீழே பார்த்துவிட்டு மாடியில் பார்த்ததாக டிக் போடட்டுமா? உங்களைக் கேட்காமல் செய்ய மனசு வரவில்லை. நீங்கள் பதில் போடுவதற்குள் செவ்வாய்க்கிழமை வந்து போய்விடும் என்பதும் தெரிகிறது.

இப்படிக்கு,
ஜானு


அபிராமபுரம்,
23-7-97, புதன்.

கிரீஷ் அப்பாவுக்கு ஜானுவின் நமஸ்காரம்.

உங்கள் கார்டு வந்தது. பொய் எழுதாதே, மற்றது உன் இஷ்டம் என்று இரண்டு வரி. தந்திக்கு வார்த்தையை மிச்சம் பிடிக்கிற மாதிரி. போகட்டும், பொய் எழுதவில்லை. நம் ஆத்திலேயே, நம் பெட்டியிலேயே பார்த்துவிட்டேன். பார்த்ததை எழுதுவதில் தப்பில்லையே. எப்போதும் பார்க்கிற மாதிரி பாருங்கள் என்று ஷரஃபுதீன் சொன்னது மட்டும் கொஞ்சம் குத்துகிறது.

முதல் செவ்வாய் தலைவலி என்று சொல்லிவிட்டு மாடியிலேயே இருந்துவிட்டேன். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். கீழே எல்லோரும் சிரித்தால் தரை வழியாகக் கேட்டது. நேற்றும் அதே தலைவலியைச் சொன்னேன். புதிதாக ஒன்று யோசித்திருக்க வேண்டும், எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

ஸ்ரீரஞ்சனி அந்த உடம்போடு, சுக்குக் காபி எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்திருக்கிறாள். கதவு தாழ்ப்பாள் போடவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால், நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் ஆத்துக்காரன் சீரியலை ஒண்டியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டைரியை மடியிலிருந்து புடவைத் தலைப்புக்குள் தள்ளினேன். அதையும் அவள் பார்த்தாள். என்ன நினைத்தாளோ. டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

இன்று காலையில் அம்பி வந்தான். மன்னி, எங்களோடு உட்காரப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லலாமே, எதற்குத் தலைவலி என்று கேட்டான். பத்து வயசில் எனக்குப் பின்னால் கபாலி கோயில் குளத்தைச் சுற்றி வந்த பையன் அவன். நான் என்னவென்று சொல்லுவேன்? வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன். மௌனமாக நின்றதை அவன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான். மேல்தட்டு ரசனைக்கு என் எழுத்து போதவில்லை போலிருக்கிறது, பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

இன்னும் நாலு செவ்வாய் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடுவேன். அவனுக்கு நீட்டிப்புக் கிடைத்துவிட்டால் பிறகு சமாதானம் பண்ணிக்கொள்ளலாம். கபாலீஸ்வரரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், நீங்களும் அங்கே ஏதாவது கோயில் இருந்தால் சொல்லி வையுங்கள்.

ஜானு


அபிராமபுரம்,
17-9-97, புதன்.

கிரீஷ் அப்பாவுக்கு அநேக நமஸ்காரம்.

நடுவில் எழுதின நாலு கடிதத்திலும் அரிசி, கேஸ் சிலிண்டர் என்றே எழுதினேன். நீங்களும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எதிராத்து மாமியின் மாப்பிள்ளை நாக்பூர் வருகிறாராம். அவர் வாயால் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அம்பிக்கு இன்னும் இருபத்தாறு வாரம் கொடுத்துவிட்டார்கள். எட்டாம் வாரத்திலிருந்தே நம் பக்கத்து நம்பர் ஏற ஆரம்பித்ததாம். எதனால் என்று கூடி உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணியிருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் கதையில் ஒரு அண்ணி வந்து நாத்தனாரைக் கடிந்துகொள்கிற மாதிரி ஒரு சின்னக் காட்சி வந்திருந்தது. அதுதான் காரணம், ஜனங்களுக்கு வீட்டுக்குள்ளே சண்டை வேண்டும், அந்த அண்ணியை வளர்த்து விடு என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். அம்பியும் வளர்த்துவிட்டான்.

எப்படி வளர்த்திருக்கிறான் என்று கேளுங்கள். அவள் மாடியில் குடியிருக்கிறாள். புருஷன் வெளியூரில். யாராவது கூப்பிட்டால் தலைவலி என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். மடியில் எதையோ வைத்துத் தலைப்பால் மூடுகிறாள். என் மூக்குத்தி மாதிரியே ஒரு மூக்குத்தி, என் மாதிரியே சாவிக்கொத்தை இடுப்பில் செருகுகிறாள். சித்திரகுளம் காய்கறிக் கடையில் ஒருத்தி என்னைப் பார்த்து இன்னொருத்தியின் கையைக் கிள்ளினாள். வளைகாப்புக்கு என்னைக் கூப்பிட்டார்கள், தெருவில் மற்றவர்களைக் கூப்பிடுகிற மாதிரி, வாசலில் நின்று குங்குமம் கொடுத்து.

நேற்று வந்த பகுதியில் அந்த அண்ணி கதவைத் தாழிட்டுக்கொண்டு வெளியூர்ப் புருஷனுக்குக் கடிதம் எழுதுகிறாள். மைத்துனனைப் பற்றி இல்லாததும் பொல்லாததும். புருஷன் அதை அப்படியே நம்பித் தம்பியை வீட்டை விட்டுப் போகச் சொல்லிப் பதில் போடுகிறான். கீழே எல்லோரும் அவளைத் திட்டினார்கள். ஸ்ரீரஞ்சனியின் குரல் தனியாகக் கேட்டது. நான் தபால் பெட்டிக்குப் போகும்போது அம்பி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அதுதான் இது என்று புரிந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, அவமானமாக இருந்தது.

பெட்டியை அணைத்திருக்கலாம். கை நீட்டினால் எட்டும். ஆனால் அணைத்தால் கட்டம் காலியாகும், அடுத்த மாசம் கீழே குழந்தை பிறக்கப்போகிறது. முழுக்கப் பார்த்தேன், டிக் போட்டேன். நம்பர் ஏறினால் அவளை இன்னும் பொல்லாதவளாக்கச் சொல்லுவார்கள். அவனும் ஆக்குவான். நான் அதையும் பார்த்து எழுதுவேன்.

நீங்கள் அம்பிக்கு ஒரு வார்த்தை கடிந்து எழுதக்கூடாது. எழுதினால், அந்த அண்ணி செய்ததாக அவன் காட்டியது நிஜமாகிவிடும். ஆசீர்வாதம் பண்ணி, நன்றாக இருக்கிறது என்று நாலு வரி எழுதுங்கள். டைரியைப் பற்றி எந்தக் காலத்திலும் அவனுக்குத் தெரிய வேண்டாம். அவனுடைய நம்பர் அவன் எழுத்தால் வந்தது என்றே இருக்கட்டும்.

டைரியில் ஒவ்வொருத்தர் பெயருக்கும் ஒரு வரிசை உண்டு. உங்கள் வரிசையில் வாராவாரம் ஊரில் இல்லை என்று எழுதிக் கை சலித்துவிட்டது. குழந்தையைப் பார்க்க லீவு போடும்போது ஒரு செவ்வாய்க்கிழமையும் சேர்ந்து வருகிற மாதிரி போடுங்கள். அம்பி வாசலிலேயே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவான், பெரியண்ணா வந்தாச்சு என்று நடுவில் உட்கார வைப்பான். எது சொல்லியாவது தட்டிக்கழித்துவிட்டு மாடிக்கு வந்துவிடுங்கள். அந்த அரை மணி மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

உங்கள் வரவையே எண்ணிக்கொண்டிருக்கும்,
ஜானு