நசீர் பாட்டுக்குப் பதிமூனு ரசிகர்கள்

நவம்பர் 3, திங்கள்

காலைலேர்ந்து தூறல். ஒன்னாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்துல அரைமணி நேரம் அப்படியே நின்னுச்சு. தில்லை நகர் ஸ்கேன் சென்டருக்குப் போய்ச் சேர ஒன்பதே முக்கால். மேனேஜர் வாட்சைப் பார்த்தார். பார்க்கட்டும்.

வாங்க: கொசுவத்தி. கவிதாவுக்குத் தலைவலித் தைலம். கீபோர்டு அடாப்டர். (வேணாம். யாரு வாசிக்கப் போறா.)

மத்தியானம் நசீர் போன். "மாப்ள, நேத்து இன்னும் ரெண்டு போயிருக்குடா. மொத்தம் பதினஞ்சு." குரல் அப்படியே குழையுது.

அவன் பாடின பாட்டை நூறு டோக்கனாப் பிரிச்சு பிளாக்செயின் சைட் ஒன்னுல விக்கிறான். ஒரு டோக்கன் வாங்கினா பாட்டு நமக்கு, நம்ம பேரும் அதுல ஏறிடும். நடுவுல கம்பெனிக்காரன் கிடையாது, காசு நேரா பாடினவனுக்கு. வாங்கறவங்க ரெண்டு வரி எழுதியும் போடலாம். அதை வாசிச்சு வாசிச்சுத்தான் இவன் குளிர்ந்து கெடக்கான்.

பதினஞ்சுல ஒன்னு அவன் பொண்டாட்டி ஜமீலா. ஒன்னு தோஹால இருக்கிற அவ அண்ணன். மீதி பதிமூனும் நான். பதிமூனு பேர்ல பதிமூனு கணக்கு. தீபாவளி போனஸ் பூரா அதுலதான் போச்சு. என் பொண்டாட்டி கவிதாவுக்குத் தெரியாது.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில். எக்ஸ்ரே மிஷின் மக்கர். கூட்டம் என்னைத் திட்டித் தீர்த்துச்சு.

ஏன் செய்யறேன்னு எழுதி வெச்சுக்கறேன், நாளைக்கு எனக்கே மறந்துடக் கூடாது. காலேஜ்லேர்ந்து அவன் பாட்டு, நான் கீபோர்டு. இந்தப் பாட்டோட ஆரம்பத்துல வர்ற மெட்டு என்னோடது. மன்னார்புரம் டீக்கடைல மேஜையைத் தட்டி நான் போட்டுக் கொடுத்தது. வெளியான அன்னைக்குப் பார்த்தா "இசை, குரல்: நசீர்". கீழ நன்றின்னு ஒன்பது பேர். ஆட்டோக்காரர் பேர் இருக்கு. என் பேர் இல்ல.

கேட்டேன். நாக்கைக் கடிச்சுக்கிட்டான். "மறந்தே போச்சுடா மாப்ள. இப்ப மாத்தவும் முடியாதுடா, பிளாக்செயின்ல ஏத்தினது ஏத்தினதுதான். அழியாது." சொல்லிட்டு டீ சொன்னான். எனக்கு மட்டும் வடையும் சொன்னான். அந்த வடைதான் எனக்கு இன்னும் ஆறல.

பதிமூனு பேர்ல அவனுக்கு உசிரு மலர்விழிதான். குவைத்ல நர்ஸ். (நான்.) "டியூட்டி முடிஞ்சு வந்து உங்க குரலைக் கேட்டா ஊருக்கு வந்த மாதிரி இருக்குண்ணா"ன்னு எழுதிப் போட்டேன். அதுலேர்ந்து சிஸ்டர் சிஸ்டர்னு மெயில் மேல மெயில். நேத்து வந்ததுல: "நீங்க எழுதினதை எங்க அத்தாகிட்ட வாசிச்சுக் காட்டினேன் சிஸ்டர். முதல் தடவையா ஒன்னும் திட்டல." சிரிச்சு எனக்குப் புரை ஏறிடுச்சு.

நவம்பர் 5, புதன்

நல்ல மழை. குடையை பஸ்ல விட்டாச்சு.

சாயங்காலம் பெரிய கடை வீதி, நசீர் அத்தாவோட பை கடை. உள்ள சண்டை. ஜமீலாவோட அண்ணன் தோஹால சூப்பர் மார்க்கெட் ஒன்னுல நசீருக்கு வேலை, விசா எல்லாம் ரெடி பண்ணிட்டான். சனிக்கிழமை மெடிக்கல். எங்க சென்டர்லதான்.

அத்தா: "பதினஞ்சு பேரு வாங்கினா அதுக்குப் பேரு யாவாரமாடா?"

நசீர்: "அதுல பதிமூனு பேரு என் மொகமே பார்க்காதவங்கத்தா. அவங்களுக்கு என்ன தலையெழுத்தா என் பாட்டை வாங்கணும்னு?"

ஜமீலா என்னை வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்தா. "நீங்க சொன்னாக் கேப்பாருண்ணே. இந்த விசாவை விட்டா எங்கண்ணன் இனிமே மொகம் கொடுத்துப் பேச மாட்டான். எனக்கு வேற யாரு இருக்கா?"

"யோசிச்சுச் செய்யட்டும்மா"ன்னேன். செருப்புல தண்ணி. ஜலதோஷம் பிடிக்கும் போல.

நவம்பர் 6, வியாழன்

ஜலதோஷம் பிடிச்சாச்சு.

நாலு மணி டீ டைம்ல வேலையை முடிச்சேன். இவ்ளோ உசரத்துக்கு ஏத்தி விட்டதே தள்ளி விடத்தானே. ஒவ்வொரு கணக்கா திறந்து, டோக்கனை ஒரு ரூபாய்க்குத் திருப்பி விக்கப் போட்டேன். யார் கைவிட்டா, என்ன விலைக்குக் கைவிட்டான்னு அந்த சைட்ல ஊரே பார்க்கலாம். அதுவும் அழியாது.

பன்னெண்டு போட்டாச்சு. மலர்விழி கணக்கு மட்டும் திறக்கல. அதைத் திறக்கிற ரகசிய வார்த்தைங்களை எழுதி வெச்ச சீட்டைக் கவிதா பழைய பேப்பரோட போட்டுட்டா. போய்த் தொலையட்டும், ஒன்னுதானே. அவ மெயில் வேற, அது திறக்குது.

நவம்பர் 7, வெள்ளி

ஜும்மா முடிஞ்சு நசீர் போன். "ஒரு ரூபாடா மாப்ள. ஒரு டீ கூட வராது. நான் தோஹாவுக்கே போறேன்டா."

சந்தோஷமா இருந்துச்சு, இல்லைன்னு சொன்னா பொய். ஒரு பத்து நிமிஷம். அப்புறம்தான் உறைச்சுது. போனா ரெண்டு வருஷத்துல வீடு கட்டிடுவான். லீவுல வந்து எனக்கு ஒரு சென்ட் பாட்டில் கொடுப்பான். நான் இதே பஸ், இதே பாலம். அட முட்டாளே, நானே பெட்டி கட்டி அனுப்பி வெச்சிருக்கேன்.

ஆறு மணிக்கு மலர்விழிக்கு மெயில். "வெளி ஆளுங்க எல்லாரும் வித்துட்டாங்க சிஸ்டர். நீங்க ஒருத்தர்தான் விக்கல. நாளைக்கு மெடிக்கல். போகவா, இருக்கவா? உங்க வாயால சொல்லுங்க."

பால் வாங்கிட்டு வந்து பதில் போட்டேன். "போகாதீங்கண்ணா. என்னை மாதிரி அங்க போய் மாட்டிக்காதீங்க. பாடுங்க. நான் இருக்கேன்."

நவம்பர் 8, சனி

வெயில். மூக்கு அடைப்பு.

மெடிக்கல் லிஸ்ட்ல ஏழாவது பேர் நசீர். மூனு தடவை கூப்பிட்டேன். வரலைன்னு என் கையாலயே டிக் பண்ணினேன்.

பன்னெண்டு மணிக்கு ஜமீலா ஓடி வந்தா, பர்தாவெல்லாம் சேறு. "திங்கக்கிழமைக்கு மாத்திக் கொடுங்கண்ணே. அதுக்குள்ள கால்ல விழுந்தாவது கூட்டியாந்துடுறேன்." மாத்தலாம். தினம் நாலு பேருக்கு மாத்திக் கொடுக்கறேன். "சிஸ்டம் எடுக்காதும்மா"ன்னேன்.

அப்படியே பெஞ்சுல உக்காந்துட்டா. "மலர்விழின்னு எவளோ ஒருத்தி சொன்னாளாம். அவ நல்லா இருப்பாளாண்ணே?"

"விடும்மா. அவளுக்கு உங்க கஷ்டம் என்ன தெரியும், பாவம்."

தண்ணி கொடுத்தேன். குடிச்சுட்டுப் போனா.

வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டைப் போட்டேன். பதிமூனு வாங்கியும் இன்னைக்குத்தான் முழுசாக் கேக்கறேன். நல்லாத்தான் பாடியிருக்கான், சனியன்.