வெள்ளை வயர்

நவம்பர் 9

மழை. பள்ளிக்கூடத்தை மத்தியானத்தோடு விட்டுவிட்டார்கள். நான் வந்தபோது அத்தா கொட்டகையில் காருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். சலாம் சொன்னேன். பதில் சலாம் வந்தது, தலை வரவில்லை. சோற்றை நானே போட்டுச் சாப்பிட்டேன்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், துணிக்கூரை. முன்மூடி முழுவதும் முதலை வாய் மாதிரி திறக்கும். தஞ்சாவூர் டாக்டர் மனோகரனுடைய தகப்பனார் ஓட்டியதாம். வருடக்கணக்காகச் சும்மா கிடந்ததை லாரியில் ஏற்றிவந்து இங்கே இறக்கினார்கள். சார்ஜாவில் அத்தாவுக்கு இதுதான் வேலை, செத்துப்போன கார்களை எழுப்புவது. அம்மா மவுத்தானதற்கு ஜூலையில் வந்தவர், துக்கம் கேட்க வந்த டாக்டரிடம் இதற்கு ஒத்துக்கொண்டார். "இத ஓட வச்சுக் குடுத்துட்டுத்தான் சார் நான் பிளைட் ஏறுவேன்."

நான் அப்போது டீ கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். அதிலிருந்து எனக்கு இந்தக் காரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இது ஓடினால் அத்தா போய்விடுவார். நான் திருவாரூருக்கு, பெரியம்மா வீட்டுக்கு.

நவம்பர் 13

லைட் பிடிக்கக் கூப்பிட்டார். அத்தா என்னிடம் பேசுவதைவிட எஞ்சினிடம் அதிகம் பேசுகிறார். "பெட்ரோல் குடிச்சியா? குடிச்சேல்ல? அப்புறம் ஏன் இருமுற?"

எனக்கும் இரண்டு நாளாக இருமல். அதைக் கேட்கவில்லை.

ஆனால் வேலை செய்யும்போது ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்வார். கேட்டுக்கேட்டு எனக்கும் தெரிந்துவிட்டது. சாவிக்குப் பின்னால் இருந்து ஒரு வெள்ளை வயர் கிளம்புகிறது. "இவன் செத்தா எல்லாரும் செத்தான்" என்றார்.

நவம்பர் 16

ஓடிவிட்டது. ஓடிவிட்டது. தெரு முழுக்கக் கேட்டது. டிராக்டர் வைத்திருக்கும் பக்கத்து வயல் ரெங்கசாமி மாமா சேற்றுக்காலோடு வந்து, "என்ன பாய், வண்டி கல்யாணத்துக்குச் சம்மதிச்சிருச்சு போல! அடுத்த நடவுக்குச் சேறு கலக்க எறக்கிருவமா?" என்றார். அத்தா சிரித்தார். அம்மா போன பிறகு முதல் சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை. சாயங்காலம் பெரியம்மாவுக்கு போன் செய்தார். "இந்த மாசத்துக்குள்ள கெளம்பிருவேன் லாத்தா. ஸ்கூல்ல டி.சி. கேட்டு வைக்கிறேன்."

மஃரிப் தொழுகைக்கு அத்தா பள்ளிவாசல் போனதும் கொட்டகைக்குப் போனேன். டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்தால் என் தோள் அளவுக்குத்தான் இடம். வெள்ளை வயரை முழுசாகப் பிடுங்கவில்லை. தொட்டும் தொடாமலும் நிற்கிற மாதிரி இழுத்துவிட்டேன்.

ஆறு மாதம் வெளியே இருந்தால் அத்தாவின் விசா செத்துவிடும். ஜனவரி பாதி வரைக்கும். அதுவரைக்கும் இந்தக் கார் ஓடக்கூடாது. அவ்வளவுதான். யா அல்லாஹ், அவ்வளவுதான்.

நவம்பர் 18

கிளம்பவில்லை. சோதனை பல்பை வைத்தால் எரிகிறது, எஞ்சின் குலுங்கியதும் அணைந்துவிடுகிறது. அத்தா தாடியைச் சொறிந்துகொண்டே நின்றார். பிறகு, "ஜஸீ, என் முதுகுக்கு உள்ள வளைய முடியல. நீ போயி பாரு. வயரெல்லாம் கழலாம இருக்கா?"

உள்ளே போய்ப் பார்த்தேன். வெள்ளை வயர் என் மூக்குக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாம் நல்லா இருக்கு அத்தா."

"சரி" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. ஒருதடவையாவது சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கலாமே?

நவம்பர் 25

இன்றும் ஓடவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று வாயில் வந்துவிட்டது. இதற்கெல்லாம் சொல்லலாமா?

டிசம்பர் 2

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். காயிலை மாற்றினார். மழை ஈரம் என்று நினைத்து அம்மாவின் முடி உலர்த்தும் மிஷினை எடுத்துவந்து வயர்களுக்கெல்லாம் காட்டினார். நான் லைட் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரெங்கசாமி மாமா, "பாய், இது காரா இல்ல மாமியாரா? ஒரு நாளைக்கு ஒரு காரணம் சொல்லுதே" என்றார். அத்தா சிரிக்கவில்லை.

பெரியம்மா போனில் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். எனக்குக் கட்டில் போட்டுவிட்டார்களாம். அங்கே எல்லாரும் நல்லவர்கள். யாரும் திட்டமாட்டார்கள். "பாவம் புள்ள, சோத்துக்கு ஆணம் ஊத்து" என்பார்கள். "பாவம் புள்ள, அவளுக்கு மொதல்ல குடு" என்பார்கள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் போனபோது அப்படித்தான் இருந்தது. அத்தனை பேர் நடுவில் எனக்குப் பேசுவதற்கு ஆள் இல்லை. இங்கேயும் யாரும் பேசுவதில்லைதான். ஆனால் கொட்டகையில் ஸ்பானர் விழுகிற சத்தம் கேட்கும்.

டிசம்பர் 10

அத்தா சார்ஜாவில் கூட வேலை பார்க்கும் ஃபாஜிலிடம் பேசியதைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எனக்குக் காது போயிருச்சுப்பா. முன்னெல்லாம் சத்தத்த வச்சே சொல்லுவேன்ல? இப்ப ஒண்ணும் பிடிபடல. அவ போனதுலேருந்தே புத்தி ஒரு நிதானத்துல இல்ல. மொதலாளி அர்பாப்கிட்ட வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிரு."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அத்தா போகமாட்டார். அப்புறம் ஏன் நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்?

டிசம்பர் 11

மஃரிபுக்கு அவர் போனதும் வெள்ளை வயரை இறுக்கமாகச் சொருகிவிட்டேன். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். இனி தொடமாட்டேன். போனால் போகட்டும்.

டிசம்பர் 12

எழுத்து கோணலாகத்தான் வரும்.

காலையில் அத்தா கடைசியாக ஒருதடவை என்று சொல்லி, பிளக்குகளுக்குப் போகிற நாலு வயரையும் கழற்றித் துடைத்து வைத்திருந்தார். படிக்கிற மூக்குக்கண்ணாடியை நேற்று மிதித்து உடைத்துவிட்டார். "நம்பரப் படிச்சு மாட்டு ஜஸீ. ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. அந்த வரிசைதான்." சார்ஜா பழக்கத்தில் அவர் வயர்மேல் அரபு எண்தான் எழுதுவார். மதரஸாவில் படித்ததுதானே என்று நான் படித்துப் படித்து மாட்டினேன். இன்றைக்காவது ஒரு வேலையை உண்மையாகச் செய்கிறோம் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

என்னை சீட்டில் உட்காரச் சொன்னார். கார்புரேட்டர் வாயில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினார். "ம், திருப்பு."

நான்தான் சாவியைத் திருப்பினேன்.

பட்டென்று வெடித்தது. மூடிக்கு மேலே தீ. அத்தா கத்தவில்லை, நான்தான் கத்தினேன். ரெங்கசாமி மாமா வாய்க்கால் பக்கமிருந்து ஓடிவந்து ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினார். அத்தாவின் வலது கை முழங்கை வரைக்கும், தாடியில் ஒரு பக்கம். மாமாவின் வண்டியில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டியூட்டி டாக்டர் கேட்டதற்கு, "பெட்ரோலக் கூட ஊத்திட்டேன் சார், என் கவனக்கொறவு" என்றார்.

டிசம்பர் 13

ரெங்கசாமி மாமா வீட்டுக் கனகா அத்தை துணைக்குப் படுத்திருக்கிறார். காலையில் கொட்டகைக்குப் போய் அந்த வயர்களைத் துணியால் அழுந்தத் துடைத்துப் பார்த்தேன். அரபியில் மேலே ஒரு வளைவு இருந்தால் இரண்டு, இரண்டு வளைவு இருந்தால் மூன்று. மையும் கிரீசும் ஒட்டிப்போய், நான் இரண்டை மூன்றாகவும் மூன்றை இரண்டாகவும் மாட்டியிருக்கிறேன்.

பொய் சொன்னபோது ஒன்றும் ஆகவில்லை.

டிசம்பர் 21

அத்தா வீட்டுக்கு வந்து நாலைந்து நாளாகிறது. காருக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து மழையைப் பார்க்கிறார். இடது கையால் சாப்பிட மாட்டேன் என்கிறார். நான் ஸ்பூனில் கொடுக்கிறேன். எஞ்சினிடம்கூடப் பேசுவதில்லை. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் குழாய் சொட்டுவது கேட்கிறது.

டிசம்பர் 23

சொல்லிவிட்டேன்.

கஞ்சி கொடுக்கும்போது சொன்னேன். "அத்தா, ரெண்டையும் மூணையும் மாத்தி மாட்டுனது நான்தான்."

"தெரியும். வெடிச்ச சத்தமே சொல்லிருச்சு. நான் எழுதுன லட்சணம் அப்படி. நீ குடு."

"இன்னொண்ணு இருக்கு அத்தா. மொதல்ல ஓடாம இருந்துச்சே, அதுவும் நான்தான். வயரக் கழட்டி விட்டேன். நீங்க கேட்டப்ப நல்லா இருக்குன்னு பொய் சொன்னேன்."

என்னை அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எந்த வயரு?"

"வெள்ளை."

இடது கையால் ஸ்பூனை விலக்கினார். பிறகு, "அப்ப எங் காதுல கோளாறு இல்லயா?"

"இல்ல அத்தா."

"அட படுபாவி மவளே... ஒரு மாசம் சுத்த விட்டியே!" சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "ஏன்மா?"

"நீங்க போயிருவீங்க."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சி ஆறிவிட்டது. எடுத்துக்கொண்டு எழுந்தபோது, "போகத்தான் ஜஸீ வேணும். இங்க எனக்கு என்ன வேல இருக்கு?" என்றார். அப்புறம், "அவ இருந்தப்பயும் நான் இங்க இருந்ததில்ல" என்றார். அதை என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

டிசம்பர் 26

தார்ப்பாயை எடுத்தோம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச்சொல்ல, கருகிய வயர்களை நான் மாற்றினேன். நாலு வயருக்கும் தமிழில் எழுதினேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சாவியை அவரே இடது கையால் திருப்பினார். என்னை வாசலுக்கு வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டுத்தான்.

ஓடியது.

ஜனவரி 4

காரைக் கொடுத்துவிட்டு வந்தோம். மழை விட்டிருந்தது. கூரையை மடக்கிவிட்டு அத்தா ஓட்டினார். கை இன்னும் கட்டோடுதான். இரண்டு பக்கமும் கதிர் சாய்ந்து கிடந்தது. பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள், ஒரு ஆள் சல்யூட் அடித்தார். வழியில் அத்தா திடீரென்று, "என்ன கேக்குது?" என்றார்.

காதைச் சாய்த்தேன். "பின்னாடி இடது பக்கம் ஏதோ உரசுது."

"பிரேக்கு" என்றார். "கரெக்ட்டு."

திரும்பி பஸ்ஸில் வந்தோம்.

ஜனவரி 11

அத்தா போய்விட்டார்.

பிப்ரவரி 6, திருவாரூர்

புதுப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிற பெண்ணின் பெயர் சுவேதா. இன்று பேனா கேட்டாள், கொடுத்தேன். வீட்டில் இறைச்சி ஆணம். எனக்குத்தான் முதலில் ஊற்றினார்கள்.

இஷா தொழுகைக்குப் பிறகு அத்தா போன் செய்தார். இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் கூப்பிடுகிறார். சாப்பிட்டியா, படிச்சியா என்று கேட்டு முடித்ததும் எங்கள் இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். இன்று, "இரு, ஒண்ணு கேளு" என்று போனை ஒரு எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்தார். "ஃபாஜிலு ஒண்ணு சொல்றான், நான் ஒண்ணு சொல்றேன். நீ சொல்லு, என்ன கோளாறு?"

மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து காதோடு வைத்துக் கேட்டேன். நாலு பிளக்கில் ஒன்று எரியவில்லை. கேட்ட உடனே தெரிந்துவிட்டது. சொன்னால் எஞ்சினை அணைத்துவிடுவார், போனையும் வைத்துவிடுவார்.

"இன்னும் சரியா புரியல அத்தா. கொஞ்ச நேரம் ஓடட்டுமா?"

அந்தப் பக்கம் ஃபாஜில் என்னவோ சொன்னார். அத்தா அவரை அதட்டுவது கேட்டது. பிறகு போனுக்குப் பக்கத்தில் வந்து மெதுவாக, "ஓடட்டும்மா" என்றார்.