அம்சவள்ளியின் கல்

மலையிலிருந்து
4.1.88

தம்பி மாயவனுக்கு அக்கா பச்சையம்மாள் எழுதுவது. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளித் தள்ளி உனக்கு வந்த தோள்வலி குறைந்ததா? நேரத்துக்குச் சாப்பிடு.

என் சின்னவள் செவ்வந்திக்கு இது எட்டாம் மாதம். கால் வீங்கி மெட்டியைக் கழற்ற முடியவில்லை. வெள்ளிமலையிலிருந்து நடந்து வந்த நர்சம்மா, பிரஷர் ஜாஸ்தி, கீழே போய்த்தான் பிரசவம் பார்க்க வேண்டும் என்றார்கள். அவள் அக்கா அம்சவள்ளிக்கும் இதையேதான் சொன்னார்கள். மாப்பிள்ளை சின்னதுரையோ, "வலி வரட்டும், டோலி கட்டித் தூக்கிக்கலாம்" என்கிறார்.

அக்கா

கள்ளக்குறிச்சி
9.1.88

அக்காவுக்கு மாயவன்.

வலி வரும்வரை இருக்காதே. போன புரட்டாசியில் இடஒதுக்கீடு கேட்டு மறியல். ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். அது தெரியாமல்தானே அம்சவள்ளியை டோலியில் இறக்கினோம்? பஸ்ஸும் இல்லை, ஜீப்பும் இல்லை. அடிவாரத்திலேயே போய்விட்டாள். பொங்கல் கழிந்ததும் மறுபடி மறியல் என்று டீக்கடையில் பேச்சு. டாக்டரம்மாவிடம் சொன்னேன். "இப்பவே இட்டுக்கினு வாப்பா, நான் பாத்துக்கறேன்" என்றார்கள். என் அறையில் தங்கிக்கொள்ளுங்கள்.

மாயவன்

மலையிலிருந்து
19.1.88

தம்பிக்கு,

டோலி தூக்கும் சடையன் மாமாவைக் கேட்டேன். வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்கு மலை இறங்கும் வழியில் சுமைதாங்கிக் கல் நடுவது வழக்கம்தானே. அம்சவள்ளிக்கு நட்டவரும் அவர்தான். அவரே இப்போது, "அந்தக் கல்லத் தாண்டி வவுத்துப் புள்ளக்காரியத் தூக்கமாட்டோம். கூடப் பொறந்தவள வுடுவாளா அவ?" என்கிறார்.

"பெத்தவ நான் கூட வரேன். என்னயத் தாண்டி இன்னா பண்ணிடுவா?" என்றேன்.

"உயிரோட இருக்கசொல்லவே உன் பேச்சக் கேக்காதவ. இப்ப கேப்பாளா?" என்று சிரிக்கிறார். மாப்பிள்ளையும் முன்வரவில்லை. வேறு யாரும் தோள் கொடுக்கவில்லை.

நேற்றிலிருந்து செவ்வந்தி, கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்கிறாள். கடைசி வாரம் அம்சவள்ளியும் இப்படித்தான் சொன்னாள். அந்தக் கல்லை நினைத்தால் எனக்கும் பயம்தான். ராத்திரி பெரியவள் பேரைக்கூடச் சொல்வதில்லை. ஆனால் அதன் பக்கத்தில் இன்னொரு கல் நட என்னால் ஆகாது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் நடந்தே இறங்குகிறோம். வலி இல்லாதபோதே நடத்திவிடுகிறேன். அவள் மூச்சு வாங்கினால் நிற்போம். கல்லருகே வந்ததும் நான்தான் முன்னால் போவேன். பெரியவளிடம் கேட்க வேண்டியதை அங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

சந்தைக்கு இறங்கும் அம்மாசியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ அடிவாரத்தில் நில். பொழுது சாய்ந்தும் நாங்கள் வராவிட்டால் யாரையும் கூப்பிட்டுக்கொண்டு நிற்காதே, ஏறி வா. கல்லைத் தாண்டி மேலே வந்து தேடு.

அக்கா