டப்பாவில் இருந்த சிவப்பு எழுத்து

12-2-1974, செவ்வாய்

முதியோர் பள்ளியில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்றுதான் படிப்பு உதவியது.

என் மகன் சேகரின் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பந்தயக் கார் நிற்கிறது. அதில் டர்போ என்று ஒன்று காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளுகிறது. அப்போது பிஸ்டன் சூட்டில் உருகாமல் இருக்க, ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து உள்ளே பீய்ச்ச வேண்டுமாம். கார்க்காரர் அந்த ஆல்கஹாலை ஒரு டப்பாவில் வைத்துவிட்டுப் போனார்.

பெட்ரோல் எடுப்பது போலவே சேகர் டப்பாவுக்குள் ரப்பர் குழாயை விட்டு, மறுமுனையை உறிஞ்சுவதற்கு வாயில் வைத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவின் சிவப்பு எழுத்தைக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.

"வாயை எடுடா! விஷம்னு போட்டிருக்குது."

"காரு குடிக்கிற சாராயம் நைனா. எனக்கும் ஒரு சொட்டு வந்தா இன்னா?" என்று சிரித்தான். பிறகு குனிந்து அவனே படித்தான். குடித்தால் பார்வை போகும், உயிரும் போகும் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. குழாயைக் கீழே போட்டான்.

மண்ணெண்ணெய்க் கடைக்குப் போய்ப் புதுக் கைப்பம்பு வாங்கி வந்து, அதால் டப்பாவிலிருந்து எடுத்துத் தண்ணீர் கலந்தான். "இனிமே எந்த டப்பா வந்தாலும் மொதல்ல நீ படி நைனா" என்றான். நான் சிலேட்டு வாங்கியபோது கேலி செய்தவன் இவன்தான்.

மாலையில் வாலாஜாபாத் வரை காரை ஓட்டிப் பார்த்தோம். சூட்டில் இஞ்சின் டக்டக்கென்று தட்டவே இல்லை.

சாப்பிடும்போது சேகர் மோரை உறிஞ்சிக் குடித்தான். "சத்தம் போட்டுக் குடிக்காதேடா" என்று அவன் அம்மா அதட்டினாள். மோர்தானே, குடிக்கட்டும் விடு என்றேன். இன்னொரு டம்ளர் ஊற்றச் சொன்னேன்.