மூன்று உத்தியோகம்

2025 பிப்ரவரி 11

இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்தால்தான் தொண்டையில் இறங்குகிறது.

பயாப்சி முடிவு வந்துவிட்டது. குரல்வளையில் புற்று. டாக்டர் சின்ன வயது, சொல்லச் சங்கடப்பட்டார். நானே வார்த்தை எடுத்துக் கொடுத்தேன். சாவு வீடுகளில் முப்பது வருஷம் பேசிய ஆள் அல்லவா!

"வாய்ஸ் பாக்ஸையே எடுத்துட்டா நல்லது சார்."

"பேச்சு?"

"அது... இருக்காதுங்க."

ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்த என் மனைவி பேட்ரிசியா, 'உத்தியோகம்' என்ற இடம் வந்ததும் பேனாவை என்னிடம் நீட்டினாள். 'சபை குரு, உறையூர்' என்று எழுதினேன்.

ஈஸ்டருக்கு முந்தைய இந்த லெந்து காலத்துக்கு மூன்று ஞாயிறு பிரசங்கம் தயார் செய்து வைத்திருந்தேன். கிறிஸ்துவின் மூன்று உத்தியோகங்கள்: தீர்க்கதரிசி, ஆசாரியர், ராஜா. உத்தியோகம் என்றால் இளவட்டங்கள் சிரிப்பார்கள். "ஆண்டவருக்கு மூணு வேலையாம், எனக்கு ஒண்ணு கிடைக்கலையே ஐயா" என்று போன வருஷம் ஒருவன் கேட்டான். தீர்க்கதரிசி கடவுளின் வார்த்தையை மனிதனிடம் சொல்கிறவர். ஆசாரியர் மனிதனுக்காகக் கடவுளிடம் பேசுகிறவர். ராஜா ஆளுகிறவர். முதல் இரண்டுக்கும் தொண்டை வேண்டும்.

பிப்ரவரி 13

ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். முப்பத்து மூன்று தடவை. குரல் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். பேட்ரிசியா அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் அதிகமாகக் கேட்டது.

மார்ச் 5

மூன்றாவது நாள் கரண்ட். முகத்துக்கு அச்செடுத்த வலை ஒன்றை மாட்டி, மேஜையோடு சேர்த்துத் திருகிவிடுகிறார்கள். அசையவும் கூடாது, விழுங்கவும் கூடாது. ஜெபிக்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

வெளியே ஒரு கூத்து. எங்கள் சபைகளில் குருவை ஐயர் என்பது வழக்கம். பேட்ரிசியா நர்ஸ் இர்பானாவிடம் "ஐயருக்கு எத்தனை மணிக்கும்மா?" என்று கேட்டிருக்கிறாள். என் முறை வந்ததும் இர்பானா நேரே போய், நெற்றி நிறையத் திருமண் இட்டிருந்த ஒரு பெரியவர் முன்னால் நின்று, "ஐயரே, வாங்க" என்றாள். அவருக்குக் கழுத்தில் ஓட்டை, அதை மூடி ஒரு வெள்ளைத் துணி. டிசம்பரிலேயே ஆபரேஷன் ஆனவர், இப்போது அவருக்கும் கரண்ட். அழித்து எழுதுகிற சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'நான் ஐயங்கார்.'

"நான்தாம்மா ஐயர்" என்று எழுந்தேன்.

அவர் என் நெற்றியைப் பார்த்தார். விபூதி தேடினார் போலிருக்கிறது. 'ஸ்மார்த்தரா?' என்று எழுதினார்.

"கிறிஸ்தவன் சார்."

சிரித்தார். சத்தமே இல்லை. கழுத்துத் துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. நானும் இப்படித்தானா சிரிக்கப் போகிறேன்?

பெயர் சௌரிராஜன். ஸ்ரீரங்கத்தில் பெருமாள் புறப்பாட்டுக்கு முன்னால் போகிற கோஷ்டியில் நாற்பது வருஷம் பாசுரம் சேவித்தவராம். மனைவி வேதவதி அம்மாள்தான் சொன்னார்.

மார்ச் 9

தீர்க்கதரிசி. பிரசங்கம் இருபத்தைந்து நிமிஷம். குரல் கரகரத்தது, ஆனால் நின்றது. "இன்னைக்குத்தான் ஐயா மனசுல இறங்குச்சு" என்றார் சபைச் செயலாளர் பாக்கியநாதன். சாகப்போகிறவன் பேசினால் எல்லோருக்கும் இறங்கும்.

மார்ச் 12

சௌரிராஜன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஞாயிறு என்ன பேசப்போகிறீர் என்று எழுதிக் கேட்டார். "எங்கள் ஆசாரியர் இயேசுவைப் பற்றி" என்றேன்.

'ஆசார்யனா? நல்லது. எங்களுக்கும் ஆசார்யன்தான் எல்லாம்.'

அவர் சொல்வது வழிகாட்டும் குருவை, நான் சொல்வது பலி செலுத்துகிறவரை என்று விளக்கினேன். பலி என்றதும் முகம் சுளித்தார். துடைத்துவிட்டு எழுதினார்: 'பகவானிடம் நேரே போக யோக்யதை இல்லை என்று நிற்பவனுக்காகத் தாயார் எடுத்துச் சொல்வாள். ஆசார்யன் கையைப் பிடித்துக் கூட்டிப் போவான். அதற்குப் புருஷகாரம் என்று பேர். உம்முடையவர் என்ன பலி கொடுத்தார்?'

"தன்னையே."

சிலேட்டைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். பிறகு, 'சிபாரிசு பண்ணுகிறவரேவா?'

முப்பது வருஷத்தில் இந்தக் கேள்வியை இவ்வளவு ஆச்சரியத்தோடு யாரும் என்னிடம் கேட்டதில்லை. என் ஜனங்கள் தலையாட்டுவார்கள், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

மார்ச் 16

ஆசாரியர்.

பத்தாவது நிமிஷம். "அவர் இன்றைக்கும் நமக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்" என்று சொல்ல வேண்டும். "அவர் இன்றைக்கும்" வரை வந்தது. அப்புறம் காற்று. தண்ணீர் குடித்தேன், திரும்பவும் காற்று. முன்வரிசையில் யாரோ அழ ஆரம்பித்தார்கள். பாக்கியநாதன் மேடைக்கு வந்து என் தோளைப் பிடித்து, ஒரு நோயாளியை இறக்குவதுபோல இறக்கினார். நோயாளிதானே.

ராஜாவைப் பற்றிய மூன்றாவது பிரசங்கம் மேஜை டிராயரில் இருக்கிறது.

மார்ச் 19

சௌரிராஜன் இன்று சிலேட்டை என் மடியிலேயே வைத்துவிட்டார். 'உம்முடைய பேரைத் தாயார் சன்னிதியில் வேதவதி நேற்று சொல்லிவிட்டாள். நீரும் உங்கள் ஆசார்யரிடம் என் பேரைச் சொல்லும்.'

என்னைக் கேட்காமல் என் பேரை அங்கே சொல்ல இவர் யார்? கோபம் வந்தது. மரியாதைக்குத் தலையாட்டி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தால் கோபம் அவர்மேல் இல்லை. அவர் கேட்டதுதான் என் உத்தியோகம். அதுதான் முடியவில்லை. எனக்காகவே கேட்க வாய் வராதவன் அடுத்தவனுக்கு என்ன சிபாரிசு பண்ணுவது?

சொல்லவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கரண்ட் முடிந்தது. கழுத்துத் தோல் கருகி உரிகிறது. கஞ்சி மட்டும். வேறு ஊர் ஐயர் வந்து ஆராதனை நடத்தினார். நான் கடைசி பெஞ்சில்.

கிறிஸ்துவின் பாடுகளை வாசிக்கக் கேட்டபோது ஒன்று பட்டது. கண்ணைக் கட்டி அறைந்து, உன்னை அடித்தது யார், தீர்க்கதரிசனம் சொல்லு என்றார்கள். மற்றவர்களைக் காப்பாற்றினான், தன்னைக் காப்பாற்ற வக்கில்லை என்று ஆசாரியர்களே நக்கலடித்தார்கள். சிவப்பு அங்கி, முள்ளால் ஒரு முடி, ராஜாவே வாழ்க. ஒரே நாளில் மூன்று உத்தியோகமும் கேலிக்கூத்து! இத்தனை வருஷம் மூன்றையும் மூன்று பதவி உயர்வு மாதிரி பிரசங்கித்திருக்கிறேன்.

இதில் ஆறுதல் இருக்கிறதா? இல்லை. அவர் மூன்றாம் நாள் எழுந்தார். எனக்கு மூன்று மாதம் கழித்து ஸ்கேன்.

ஜூலை 9

போகவில்லை. கட்டி அங்கேயே இருக்கிறது. கொஞ்சம் பெரிதாகவும். இனிமேல் ஆபரேஷன் ஒன்றுதான் வழி.

"பேச்சு போனா போகட்டுங்க. ஆள் இருந்தாப் போதும்" என்றாள் பேட்ரிசியா.

"எனக்குப் போதாது" என்றேன், மிச்சமிருந்த கரகரப்பில்.

சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

ஜூலை 10

ஏன்யா? நான் வேற என்னத்தக் கேட்டேன் உன்கிட்ட? சொத்து கேட்டேனா, சுகம் கேட்டேனா? உன்னைப் பத்திப் பேசுற வாயைத்தானே கேட்டேன். அதையா புடுங்கணும்?

ஜூலை 11

பதில் இல்லை.

ஜூலை 29

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன். தைரியத்தால் அல்ல. நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தாள், எனக்காக அவளும் மூன்று மாதமாக அதையேதான் குடிக்கிறாள் என்று நேற்றுத்தான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 6

நாளை காலை ஆபரேஷன். கடைசியாக என் குரலில் என்ன பேசுவது என்று ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தேன். ஆசீர்வாதம் சொல்லி முடிக்கலாம் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 19

இப்போதுதான் பேனா பிடிக்க முடிகிறது.

ஆசீர்வாதம் எல்லாம் சொல்லவில்லை. வீல் சேரில் தள்ளிக்கொண்டு போகும்போது "வீட்டுல கேஸ் மூடிட்டு வந்தியா?" என்று கேட்டேன். அதுதான் கடைசி. "மூடிட்டேங்க" என்றாள்.

செப்டம்பர் 2

கழுத்தால் மூச்சு விடுகிறேன். இருமினால் கழுத்திலிருந்து வருகிறது. மோர்க்குழம்பு வாசனை தெரியவில்லை. கண்ணாடி பார்ப்பதில்லை.

செப்டம்பர் 8

ஒரு விஷயம் எழுதக் கூச்சமாக இருக்கிறது. எனக்குச் சத்தமில்லாமல் ஜெபிக்கத் தெரியவில்லை. மனசுக்குள் ஆரம்பித்தால் இரண்டாம் வரியில் நாளைய மாத்திரை, மூன்றாம் வரியில் தூக்கம். இத்தனை வருஷம் ஜெபித்தேனா, இல்லை, ஜெபிக்கிற என் குரலை ரசித்துக்கொண்டிருந்தேனா?

செப்டம்பர் 21

பாக்கியநாதன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். எப்படி விழுங்குவேன் என்று யோசிக்கவில்லை. புது ஐயரைப் போட்டாயிற்று, நவம்பர் கடைசிக்குள் நாங்கள் குடியிருக்கும் குருமனையைக் காலி செய்தால் வெள்ளையடிக்க வசதி என்றார். போகும்போது, அந்த மூன்றாவது பிரசங்கம் எழுதி வைத்திருந்தால் கொடுங்கள், புது ஐயர் வாசிக்கட்டும் என்றார்.

டிராயரைத் திறந்து, எடுத்து, அவர் முன்னாலேயே நாலாகக் கிழித்தேன். ராஜா உத்தியோகமும் முடிந்தது.

அக்டோபர் 5

பேட்ரிசியா தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே பேசினாள். கத்தோலிக்க வீட்டுப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு என் சபைக்கு வந்தவள், ஆனால் வார்த்தைகள் இன்னும் அந்த வீட்டுடையவை.

"எங்கள்ல ஞானஸ்நானத்தப்ப இப்படித்தான் உச்சந்தலையில எண்ணெய் பூசுவாங்க. கிறிஸ்து மாதிரி நீயும் குரு, இறைவாக்கினர், அரசர்னு அர்த்தம். எனக்கும் பூசியிருக்காங்க, மூணு மாசக் குழந்தையில. நான் எந்த மேடையில ஏறுனேன்? எனக்கென்ன மைக்கா கொடுத்தாங்க?"

அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 19

கோயிலுக்குப் போகவில்லை. இதோடு தொடர்ந்து மூன்று ஞாயிறு.

நவம்பர் 14

மறுபரிசோதனை. இர்பானா ஓடி வந்தாள். "அந்த ஐயங்கார் சாருக்கு நுரையீரலுக்குப் பரவிருச்சு ஐயா. இனிமே வர வேண்டாம்னுட்டாங்க. வீட்டுலதான் இருக்காங்க."

நல்லவர்களைத்தான் தேடித் தேடி எடுக்கிறாய்.

நவம்பர் 22

பேட்ரிசியாதான் பஸ் ஏற்றினாள். ஸ்ரீரங்கம், கிழக்கு உத்தர வீதி. வீடு கண்டுபிடிக்க நேரமாகிவிட்டது. நான் வாய் திறந்து வழி கேட்க முடியாது. அவள் கேட்டுக் கேட்டுப் போனாள்.

வேதவதி அம்மாள் வாசலுக்கு வந்தார். "வாங்கோ வாங்கோ. ரெண்டு நாளா உங்க பேரைத்தான் எழுதிண்டிருக்கார்."

கட்டிலில் பாதி ஆள்தான் இருந்தார். நெற்றியில் திருமண் மட்டும் அன்று போலவே பளிச்சென்று. என் கழுத்துத் துணியைப் பார்த்தார், தன்னுடையதைத் தொட்டுக் காட்டினார். இருவரும் சிரித்தோம், இரண்டு துணியும் படபடத்தது. பேட்ரிசியா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு சிலேட்டில் எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போனது. 'சொன்னீரா?'

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து வேதவதி அம்மாள் எடுத்துச் சொன்னார்: "கரண்ட் வெக்கற இடத்துல உங்ககிட்ட ஏதோ கேட்டாராமே. உங்க சுவாமிகிட்ட இவர் பேரைச் சொல்லச் சொல்லி. நான் உங்க பேரை வெள்ளிக்கிழமை தவறாம தாயார்கிட்ட சொல்லிண்டுதான் இருக்கேன்."

எட்டு மாதம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்.

பொய்யாகத் தலையாட்ட முடியவில்லை. 'இல்லை' என்று எழுதினேன். அவர் கோபப்படவில்லை. காத்திருந்தார்.

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன். கண்ணை மூடினேன். முன்னுரை, துதி, வசனம் ஒன்றும் வரவில்லை. உதட்டை மட்டும் அசைத்தேன்: சௌரிராஜன். கழுத்து ஓட்டையில் புஸ்ஸென்று காற்று. திரும்பவும் சௌரிராஜன். அவ்வளவுதான் தெரிந்தது. எத்தனை தடவை என்று நினைவில்லை. நாளைய மாத்திரை நடுவில் வரவில்லை. தூக்கமும் வரவில்லை. இந்தப் பேரை எனக்கு முன்பே ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் பின்னால் சேர்ந்துகொள்கிறேன் என்று தோன்றியது. மார்ச்சில் மேடையில் பாதியில் நின்ற வாக்கியம் அதுதான்.

கண்ணைத் திறந்து சிலேட்டில் எழுதினேன். 'சொல்லிவிட்டேன்.'

அவர் அதை வாங்கி, என் எழுத்தை அழிக்காமல், கீழே ஒரு வார்த்தை எழுதினார். 'கேட்டது.'

யாருக்கு என்று நான் விசாரிக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம். காவிரிப் பாலத்தில் நெரிசல், வண்டி நகரவில்லை. உதட்டை அசைத்துக்கொண்டே வந்தேன். வேதவதி. இர்பானா. என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்ட பேட்ரிசியா. பாக்கியநாதன் பேர்தான் வாயில் வரவில்லை. அவரை நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன்.