தொண்ணூற்றிரண்டு மெகாசைக்கிள்

9-7-1962
ரேடியோவில் ஒரே இரைச்சல். வால்வு போய்விட்டது என்று நானே தீர்மானித்து, ரிப்பேர் கடை நாகராசுவை சைக்கிளில் வைத்து அழைத்து வந்தேன். அவன் பெட்டியைத் தொடவே இல்லை. நேரே மாடிக்குப் போனான். ஏரியல் கம்பியில் கிடந்த ஈர வேட்டியை எடுத்து என் தோளில் போட்டான். வேட்டி என்னுடையது. காயப்போட்டதும் நான்தான். பஸ் ஸ்டாண்டில் எந்த வண்டி லேட்டானாலும் காரணம் கேட்கிற டைம் கீப்பருக்கு இந்த லட்சணம்.

14-7-1962
மகன் குமரப்பனிடமிருந்து கடிதம். அவன் ஜெர்மனி போய் இரண்டு வருஷம் நாலு மாசம். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி அந்த ஊர் ரேடியோவில், வெளிநாட்டிலிருந்து வந்த பயிற்சிப் பையன்களைப் பேச விடுகிறார்களாம். இவன் தமிழில் நாலு வார்த்தை சொல்வானாம். ‘எஃப்.எம்., 92 மெகாசைக்கிள். துளி இரைச்சல் இருக்காது.’ நமக்குப் பகல் இரண்டரை மணி.

மனைவி சாலா போனபின் வீட்டில் யாருக்குப் படித்துக் காட்டுவது? அவள் படத்துக்கு ஒரு தரம். பிறகு பஸ் ஸ்டாண்ட் முழுக்க. கண்டக்டர் வீரய்யா, “அப்ப அன்னிக்கு ஒங்க வீட்லதான்!” என்றான். வாங்க என்று சொல்லிவிட்டேன். அடுத்த வீட்டு ஆவுடையாளிடமும் சொல்லியாயிற்று.

17-7-1962
மீடியம் வேவ், ஷார்ட் வேவ் இரண்டிலும் முள்ளை ஓட்டிப் பார்த்தேன். எஃப்.எம்மைக் காணோம். எங்கேதான் இருக்கிறது?

22-7-1962
நாகராசுவிடம் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“எஃப்.எம்.ங்கிறது எடம் இல்லண்ணே, முறை. அலையோட உயரத்தக் கூட்டிக் கொறச்சு அதுல பேச்ச ஏத்துனா ஏ.எம். உயரத்த அப்படியே விட்டுட்டு, துடிப்பக் கூட்டிக் கொறச்சா எஃப்.எம். இடி மின்னல் உயரத்தத்தான் கெடுக்கும். அதான் எஃப்.எம்ல இரைச்சல் இல்ல.”

“அப்ப என் பெட்டியில வைக்கறதுதானே?”

“அதுக்கு அகலமா எடம் வேணும். மீடியம் வேவ்ல இருபது ஸ்டேஷன் நிக்கிற எடத்தை ஒரே ஸ்டேஷன் அடச்சுக்கும். அதான் தொண்ணூறு மெகாசைக்கிள் பக்கம் கொண்டுபோய் வச்சிருக்காங்க.”

என் பாஷையில் புரிந்துகொண்டேன். மீடியம் வேவ், ஷார்ட் வேவ் என்கிற பாண்டெல்லாம் ரோடு. ஏ.எம்., எஃப்.எம். என்பது சரக்கு ஏற்றுகிற விதம். எஃப்.எம். என்பது பக்கவாட்டில் பிதுங்குகிற வைக்கோல் வண்டி. சந்தில் நுழையாது, அகல ரோடு கேட்கும். சரி, அந்த ரோடு எதுவரை?

“ஷார்ட் வேவ்னா வானத்துல மோதித் திரும்பி வரும். இது நேராப் போயிரும். அம்பது அறுபது மைல்.”

இங்கிருந்து கோட்டைப்பட்டினம் போய்க் கடலோடு நிற்கிற பஸ் மாதிரி.

“அப்ப அவன் பேசறது?”

“வராதுண்ணே. எல்லாருக்கும் சொல்லிருங்க.”

சொல்கிறேன் என்றேன்.

4-8-1962
சொல்லவில்லை.

5-8-1962
பதினோரு பேர். ஆவுடையாள் தட்டு நிறைய சீடை கொண்டுவந்தாள். ஒரு மூலையில் நாகராசு, என்னையே பார்த்துக்கொண்டு. வாயைத் திறந்தேன், “உக்காருங்க” என்றுதான் வந்தது. ஷார்ட் வேவில் முள்ளைத் திருப்பினேன். இரைச்சல், ஏதோ பாட்டு, மறுபடி இரைச்சல். அதற்குள்ளே ஓர் இளவட்டக் குரல், அலை மாதிரி ஏறி இறங்கி, என்ன பாஷை என்றே தெரியவில்லை.

“இந்தா, குமரப்பன்!” என்று ஆவுடையாள் எழுந்தே விட்டாள். “தொண்டை கட்டியிருக்கு பாவம்.”

“தமிழாவா தெரியுது?” என்றான் வீரய்யா.

“அங்கிட்டுப் போயி ரெண்டு வருசமாச்சுல்ல, நாக்கு மாறாதா? நீங்க சொல்லுங்கண்ணே, அவன்தானே?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையாட்டினேன். நாகராசு சீடையைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நல்ல பையன்.

6-8-1962
பஸ் ஸ்டாண்டில் கைகுலுக்கல். டீ வாங்கித் தந்தார்கள். குடித்தேன்.

30-8-1962
குமரப்பன் எழுதியிருக்கிறான். தொழிற்சாலையில் வேலை நிரந்தரம். ஆனால் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். ‘வா என்று ஒரு வரி எழுதுங்கள் அப்பா, வந்துவிடுகிறேன். இல்லையென்றால் போடுகிறேன்.’

“என்னண்ணே எழுதியிருக்கான்?” என்று ஆவுடையாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். சௌக்கியமாம் என்றேன்.

பதில் எழுதித் தபாலில் போட்டாயிற்று. கையெழுத்துப் போடு, குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொள், நீ பேசிய அன்று தெருவே கூடியது. இவ்வளவுதான்.

எழுதாதது ஒன்று. அந்தக் குரல் உன்னுடையது இல்லை என்று எனக்குத் தெரிந்தது நாகராசு சொல்லியிருந்ததால்தான். என் காதுக்குத் தெரியவில்லை.